அத்தியாயம் 3: முதல் தூணுக்கு முன்னால்

கூவம் கரையோரம் போய்வந்த சென்னைவாசிகளுக்கு அந்தத் தூண்களை நன்றாகத் தெரியும். மேலே பாலம் இல்லாமல், உச்சியில் கம்பிகள் நீட்டிக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் துருவேறி நின்றவை. சென்னைத் துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைக்கு 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அடிக்கல் நாட்டினார். நீளம் சுமார் 19 கிலோமீட்டர், மதிப்பீடு 2,000 கோடி ரூபாய்க்கும் குறைவு. ஆற்றுக்குள் தூண்கள் இறங்குவது அனுமதித்த தடத்துக்கு மாறானது, வெள்ளம் வடிவதற்கு இடைஞ்சல் என்று சொல்லி 2012இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. ஆனாலும் வேலை நகரவில்லை. 2022 மே மாதம் பிரதமர் நரேந்திர மோடி அதே திட்டத்துக்கு இன்னொரு முறை அடிக்கல் நாட்டினார். இந்தத் தடவை அது ஈரடுக்குப் பாலமாகியிருந்தது. மதிப்பீடு 5,800 கோடியைத் தாண்டியிருந்தது.

பதின்மூன்று ஆண்டுகள், இரண்டு அடிக்கல்கள். ஆற்றங்கரையில் தூண் இறக்கத் தெரியாததால் நின்ற வேலை அல்ல இது. எந்தத் தடம், யாருடைய அனுமதி, எந்த நிபந்தனை என்பதில் மத்திய அரசும் மாநில அரசும் ஒரே தாளில் கையெழுத்திடாமல் இருந்ததால் நின்றது. பெரிய சாலை, ரயில் திட்டங்களுக்குத் தலைமை ஏற்பவர்கள் பெரும்பாலும் பொறியாளர்கள். அவர்களுக்குக் கான்கிரீட் தெரியும், கர்டர் தெரியும். திட்டத்தைக் கவிழ்ப்பவை அநேகமாக வேறு விஷயங்கள். முதல் தூண் எழும்புவதற்கு முன்பாகவே அவை முடிவாகிவிடுகின்றன.

மதிப்பீட்டிலிருந்தே தொடங்கலாம். டென்மார்க் ஆய்வாளர் பென்ட் ஃப்ளிவ்பியர்க் தன் சகாக்களுடன் 2002இல் வெளியிட்ட ஆய்வு, 20 நாடுகளின் 258 போக்குவரத்துத் திட்டங்களை எடுத்துக்கொண்டது. பத்தில் ஒன்பது திட்டங்களில் செலவு கணக்கைத் தாண்டியிருந்தது. சராசரியாக ரயில் திட்டங்களில் 45 சதவீதம், பாலம்–சுரங்கப்பாதைகளில் 34 சதவீதம், சாலைகளில் 20 சதவீதம் கூடுதல். அறியாமல் நேர்ந்த பிழை என்றால் சில இடங்களில் கூடியும் சில இடங்களில் குறைந்தும் இருக்க வேண்டும். எல்லாமே ஒரு பக்கமாகச் சாய்வது ஏன் என்று அந்த ஆய்வு கேட்டது. ஒப்புதல் வாங்குவதற்காகவே தொகையைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்பது அதன் முடிவு. கோப்பு நகர வேண்டும் என்றால் தொகை சிறியதாக இருக்க வேண்டும் என்பது நம் அலுவலகங்களும் அறிந்த சங்கதிதான்.

இதற்கு மருந்து உண்டு. ஜல்லி இவ்வளவு, கம்பி இவ்வளவு என்று கீழிருந்து கூட்டி வந்த தொகையை, இதே வகையில் ஏற்கெனவே முடிந்த பத்துப் பதினைந்து திட்டங்களின் இறுதிச் செலவோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. அவையெல்லாம் மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தால், இந்தத் திட்டம் மட்டும் தப்பிப்பதற்கு என்ன காரணம் என்று எழுத்தில் கேட்பது. பதில் சொல்ல முடியாவிட்டால் தொகையைத் திருத்த வேண்டியதுதான்.

நிலம்

சென்னைப் பறக்கும் ரயில் 2007 நவம்பரில் வேளச்சேரி வரை வந்தது. அங்கிருந்து பரங்கிமலை ஐந்து கிலோமீட்டர். 2008இல் வேலை தொடங்கி, பெரும்பகுதிக்குத் தூண்கள் எழும்பி, மேல்தளமும் அமைந்துவிட்டது. ஆதம்பாக்கம் பக்கம் சுமார் 500 மீட்டருக்கு நிலம் கைக்கு வராமல், இழப்பீட்டு வழக்குகளில் பத்தாண்டுக்கும் மேல் சிக்கிக்கொண்டது. ஐந்து கிலோமீட்டரில் நாலரை முடிந்துவிட்டால் 90 சதவீதம் முடிந்தது என்று அறிக்கையில் எழுதலாம். ரயில் ஓடாது.

தேசிய நெடுஞ்சாலைகளில் ஒரு விதி இருக்கிறது. அரசும் ஒப்பந்ததாரரும் செலவைப் பகிரும் முறையில் 80 சதவீத நிலமும், அரசே முழுப்பணம் தரும் முறையில் 90 சதவீத நிலமும் கையில் இருந்தால்தான் வேலை தொடங்கும் நாளை அறிவிக்கலாம். நல்ல விதிதான். ஆனால் மீதி 20 சதவீதம் சாலையின் கடைசியில் ஒரே துண்டாகக் கிடப்பதில்லை. ஊருக்கு ஊர் சிதறிக் கிடக்கும்: ஒரு கோயில், ஒரு கல்லறைத் தோட்டம், பாகப்பிரிவினை வழக்கில் இருக்கும் ஒரு தோப்பு, பட்டாவில் ஒரு பெயரும் அனுபோகத்தில் வேறு பெயரும் உள்ள நாலு வீடுகள். ஒப்பந்ததாரரின் இயந்திரங்கள் இங்கே ஒரு கிலோமீட்டர், அங்கே இரண்டு கிலோமீட்டர் என்று தாவிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு தாவலுக்கும் அவர் பின்னால் நஷ்டஈடு கேட்பார், கேட்கவும் உரிமை உண்டு.

எனவே சதவீதக் கணக்கைத் தலைவர் நம்பக்கூடாது. தடத்தின் முழு நீளத்துக்கும் சர்வே எண் வாரியாக ஒரு நீளப்படம் அவர் அறைச் சுவரில் இருக்க வேண்டும். நெடுஞ்சாலைச் சட்டத்தின்படி 3டி அறிவிக்கை வந்துவிட்டால் நிலம் சட்டப்படி அரசுடையது. ஆனால் இழப்பீட்டைத் தீர்மானித்து, பணத்தைக் கட்டி, 60 நாள் அவகாசத்துடன் நோட்டீஸ் கொடுத்த பிறகே கைப்பற்றச் சொல்ல முடியும். அறிவிக்கை வந்த அன்றே அந்தத் துண்டுக்குப் பச்சை வண்ணம் அடித்துவிடுவது பல அலுவலகங்களின் பழக்கம். பணம் உரியவர் கணக்கில் ஏறி, இடம் காலியாகி, தாசில்தாரின் ஒப்படைப்புச் சான்று கையில் வந்தால் மட்டுமே பச்சை.

சட்டம் கையில் இருந்தாலும் மனிதர்களிடம் போகாமல் முடியாது. சென்னை–சேலம் எட்டுவழிச் சாலை இதற்கு அண்மைச் சாட்சி. 277 கிலோமீட்டர், 10,000 கோடி ரூபாய், ஐந்து மாவட்டங்கள். 2018இல் போலீஸ் துணையோடு அளவெடுக்க வந்தவர்கள் வயலில் கல் நட்டார்கள். உரிமையாளர்கள் பிடுங்கி எறிந்தார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலம் எடுக்கும் அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைப் பகுதியளவு மாற்றி, முறைப்படி மறுபடி தொடங்க வழிவிட்டது. வழக்கு எப்படி முடிந்தாலும் நம்பிக்கை போய்விட்டது. தன் கிணற்றின் மேல் சாலை வரப்போகிறது என்பதை ஒரு விவசாயி கல் நடும் அன்றுதான் தெரிந்துகொள்கிறார் என்றால், அது சர்வேயரின் குற்றம் ஆகாது, தலைமையின் குற்றம்.

கொங்கண் ரயில்வே வேறு விதமாக நடந்துகொண்டது. மகாராஷ்டிரத்தின் ரோஹாவிலிருந்து மங்களூரு வரை 700 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தடம், 40,000க்கும் அதிகமான நில உரிமையாளர்கள். அதிகாரிகள் ஊர் ஊராகப் போய், வீட்டுக்காரர்களிடம் உட்கார்ந்து பேசி, பெரும்பகுதியைத் தொடக்கத்திலேயே முடித்தார்கள். அவர்களுக்கும் எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. கோவாவில் பழைய கடலோர வயல்களையும் ஊர்களையும் தடம் கெடுக்கும் என்று எதிர்ப்பு கிளம்பியது. மாற்றுப் பாதையை ஆராயக் குழு அமைந்தது. அங்கே மாதக்கணக்கில் வேலை நின்றது. ஐந்து ஆண்டில் முடிப்பதாகச் சொன்ன திட்டம் 1998 ஜனவரி 26 அன்றுதான் முழுத்தடத்துக்கும் திறந்தது.

கண்ணுக்குத் தெரியாத நிலமும் ஒன்று உண்டு. சென்னை போன்ற பழைய நகரத்தில் சாலைக்கு அடியில் குடிநீர்ப் பிரதானக் குழாய், பாதாளச் சாக்கடை, மின்வாரியக் கேபிள், தொலைபேசிக் கம்பி எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகப் போகின்றன. எது எங்கே என்று காட்டும் வரைபடம் பல இடங்களில் கிடையாது. இருந்தாலும் தப்பாக இருக்கும். இடமாற்ற வேலையைப் பிரதான ஒப்பந்தத்துக்கு ஓராண்டு முன்பே தனி டெண்டராக விட்டு, ஐம்பது மீட்டருக்கு ஒரு குழி வெட்டிப் பார்த்துவிடுவது மலிவு. தூண் போடத் துளையிடும் இயந்திரம் பிரதானக் குழாயைக் குத்திய பிறகு தெரிந்துகொள்வது விலை அதிகம். 2017 ஏப்ரலில் அண்ணா சாலையில் மெட்ரோ சுரங்கம் தோண்டிய இடத்துக்கு மேலே தரை உள்வாங்கி, மாநகரப் பேருந்து ஒன்றும் கார் ஒன்றும் பள்ளத்தில் இறங்கின. நகரத்தின் மண் எல்லா இடத்திலும் ஒரே மண் அல்ல.

கொங்கண் தடத்திலும் இதே பாடம். அங்கே மிக நீளமானது ஆறரைக் கிலோமீட்டர் கர்புடே சுரங்கம். ஆனால் பொறியாளர்களை வாட்டியது கோவா எல்லையை ஒட்டிய ஒன்றரைக் கிலோமீட்டர் பெர்னெம் சுரங்கம். கர்புடே பாறை, கடினமானது, நின்றது. பெர்னெம் நீர் ஊறிய களிமண். தோண்டத் தோண்டச் சரிந்தது, உயிர்களையும் வாங்கியது. தடம் முழுவதும் தயாரான பிறகும் அதற்காகவே காத்திருக்க வேண்டியிருந்தது. திட்டத்தின் நீளமான பகுதியைத்தான் எல்லோரும் விசாரிப்பார்கள். மோசமான மண் எங்கே என்று தலைவர் விசாரிக்க வேண்டும், நில ஆய்வுக்கான பணத்தை அங்கே இரட்டிப்பாகக் கொட்ட வேண்டும்.

யார் முடிவெடுப்பது

இ. ஸ்ரீதரன் பெயர் வந்தால் முதலில் சொல்லப்படுவது பாம்பன். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது; 146 கண் கொண்ட பாம்பன் பாலத்தில் 126 கர்டர்களைக் கடல் கொண்டுபோனது. சரிசெய்ய ஆறு மாதம் என்றது ரயில்வே, மூன்று மாதமாகக் குறைத்தார் மேலதிகாரி, 46 நாளில் முடித்தார் இளம் பொறியாளர் ஸ்ரீதரன். கடலுக்குள் கர்டர்கள் கிடக்கும் இடத்தை மீனவர்கள் சொன்னார்கள். அவற்றைத் தூக்கி மறுபடி பொருத்தியதால் புதிதாகச் செய்யும் காலம் மிச்சமானது.

இந்தக் கதையை மேடைகளில் வேகத்துக்கு உதாரணமாகச் சொல்வது வழக்கம். அது பாதிதான் சரி. அங்கே நிலம் எடுக்க வேண்டியதில்லை, தூண்கள் நின்றுகொண்டிருந்தன, வடிவமைப்பு 1914 முதல் இருந்தது, முடிவெடுப்பவர் ஒரே ஆள். இவ்வளவும் ஏற்கெனவே அமைந்த இடத்தில்தான் 46 நாள் சாத்தியம். இவை எதுவும் இல்லாத புதுத் திட்டத்தின் தலைவரிடம் பாம்பனைக் காட்டி நாள் குறைக்கச் சொல்வது அநியாயம்.

ஸ்ரீதரனின் பிற்காலத் திட்டங்களில் கற்றுக்கொள்ள வேண்டியது, அந்தச் சூழ்நிலையை அவர் முன்கூட்டியே கேட்டு வாங்கிய விதம். கொங்கண் ரயில்வே 1990இல் தனி நிறுவனமாகப் பதிவானது. பங்குதாரர்கள் ரயில்வே அமைச்சகமும் மகாராஷ்டிரம், கர்நாடகம், கோவா, கேரளம் ஆகிய நான்கு மாநிலங்களும். மீதிப் பணத்தில் பெரும்பகுதி சந்தையில் பத்திரம் விற்றுத் திரட்டப்பட்டது. ரயில்வே பட்ஜெட்டின் ஆண்டு ஒதுக்கீட்டை எதிர்பார்த்திருந்தால் பல பழைய தடங்களைப் போல அதுவும் பத்துப் பத்துக் கிலோமீட்டராக நகர்ந்திருக்கும். மாநிலங்கள் பங்குதாரர்களாக இருந்ததால், சிக்கல் வந்தபோது தலைமைச் செயலகங்களின் கதவு திறந்தது.

டெல்லி மெட்ரோவிலும் அதே அமைப்பு. மத்திய அரசுக்கும் டெல்லி அரசுக்கும் சரிபாதிப் பங்கு, ஜப்பானியக் கடன் பெரும்பகுதி. 1997 நவம்பரில் ஸ்ரீதரன் பொறுப்பேற்றார். 1998 அக்டோபரில் வேலை தொடங்கியது. 2002 டிசம்பரில் ஷாதரா–தீஸ் ஹஸாரி தடம் ஓடியது. முதல் கட்டத்தின் 65 கிலோமீட்டரும் 2005 டிசம்பரில், குறித்த காலத்துக்கு ஏறக்குறைய மூன்றாண்டு முன்பாகவே முடிந்தது. டெண்டர் முடிவு நிறுவனத்துக்குள்ளேயே எடுக்கப்பட்டது. திங்கட்கிழமை தோறும் துறைத் தலைவர்கள் கூடி, நிலுவையை அங்கேயே தீர்த்தார்கள். வேலை நடக்கும் இடங்களில் மீதமுள்ள நாட்களைக் காட்டும் பலகைகள் நின்றன.

அவர் கேட்டதெல்லாம் கிடைத்துவிடவில்லை. உலக மெட்ரோக்கள் பயன்படுத்தும் குறுகலான பாதை அளவை அவர் விரும்பினார். ரயில்வே அமைச்சகம் அகலப்பாதைதான் என்றது. முதல் கட்டத்தில் அமைச்சகம் சொன்னபடியே நடந்தது. தோற்ற வாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் வேலையை நிறுத்தவில்லை. பின்னர் வந்த பல தடங்கள் அவர் சொன்ன அளவில்தான் அமைந்தன.

பொறுப்பேற்பதற்கு முன் கேட்டு வாங்க வேண்டியவை சிலதான்: எவ்வளவு தொகைவரை மேலிடம் போகாமல் முடிவெடுக்கலாம், எத்தனை ஆண்டுக்கு இடமாற்றம் கிடையாது, எந்தத் துறைச் செயலரை நேரடியாக அழைக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்த பிறகு இவை கிடைப்பது அபூர்வம்.

ஒட்டும் இடங்கள்

லண்டனின் கிராஸ்ரெயில் சுரங்கங்களைத் தோண்டும் வேலை 2015இலேயே முடிந்துவிட்டது. 2018 டிசம்பரில் திறப்பு என்று ஊரறிய நாள் குறித்திருந்தார்கள். திறப்புக்கு நாலு மாதம்கூட இல்லாத ஆகஸ்ட் 31 அன்று, முடியாது என்று அறிவித்தார்கள். திறந்தது 2022 மே 24. கடினமான வேலை முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த கட்டத்தில்தான் திட்டம் சிக்கியது. ஒரே ரயில் மூன்று வகை சிக்னல் முறைகளுக்குள் போய்வர வேண்டும். நிலையங்களின் மின்சாரம், தீயணைப்பு, தகவல் தொடர்பு எல்லாம் தனித்தனி ஒப்பந்தங்கள். ஒவ்வொரு ஒப்பந்ததாரரும் தன் பகுதி தயார் என்றார். எல்லாம் சேர்ந்து இயங்குவதற்கு யார் பொறுப்பு என்பதற்குத் தெளிவான பதில் இருக்கவில்லை. கட்டுமானம் தாமதமாகும்போதெல்லாம் சோதனை ஓட்டத்துக்கான நாட்களிலிருந்து வெட்டிக்கொண்டே வந்தார்கள்.

டெல்லி விமான நிலைய மெட்ரோ தடத்தில் பாலமும் சுரங்கமும் டெல்லி மெட்ரோ நிறுவனத்தின் வேலை. தண்டவாளம், ரயில், இயக்கம் தனியாரின் பொறுப்பு. 2011 பிப்ரவரியில் ஓடத் தொடங்கி, பாலத்துத் தாங்கிகளில் கோளாறு என்று 2012 ஜூலையில் நின்றது. குறை யாருடையது, பணம் யார் தர வேண்டும் என்ற சண்டை நடுவர் மன்றம், உயர் நீதிமன்றம் என்று போய், 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் சீராய்வுக்குப் பிந்தைய மனுவில்தான் முடிந்தது. இரண்டு ஒப்பந்தங்கள் ஒட்டும் இடம் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்லி ஒரு பொறியாளர் வேண்டும். சோதனை ஓட்டத்தின் நாட்களில் அமைச்சரே கேட்டாலும் கை வைக்கக்கூடாது.

முன்பே தெரிந்திருந்தது

2009 ஜூலை 12 அதிகாலை டெல்லி ஜம்ருத்பூரில் கட்டிக்கொண்டிருந்த மெட்ரோ தூண் முறிந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். மறுநாள் இடிபாட்டை அகற்றும்போது கிரேன்கள் சரிந்தன. அந்தத் தூணில் விரிசல் முன்பே கண்ணில் பட்டிருந்தது. தார்மிகப் பொறுப்பேற்று ஸ்ரீதரன் ராஜினாமா செய்தார். அரசு ஏற்கவில்லை, அவர் தொடர்ந்தார். ராஜினாமாவைப் பற்றிப் பேசியவர்கள் அதிகம். விரிசல் தெரிந்த நாளுக்கும் விழுந்த நாளுக்கும் நடுவில் யார் யாருக்கு என்ன எழுதினார்கள் என்று கேட்பதே வருங்காலத் தலைவர்களுக்குப் பயன்படும்.

பாஸ்டனில் 2006 ஜூலை 10 அன்று, பல நூறு கோடி டாலர் செலவில் கட்டிய நெடுஞ்சாலைச் சுரங்கத்தின் கான்கிரீட் மேற்கூரைப் பலகைகள் ஒரு காரின் மீது விழுந்து ஒரு பெண் உயிரிழந்தார். பலகைகளைத் தாங்கிய நங்கூரக் கம்பிகள் பொருந்தாத பசையால் ஒட்டப்பட்டிருந்தன என்று விசாரணை கண்டது. கட்டும்போதே, 1999இல், சில கம்பிகள் நழுவி இறங்கியதைப் பார்த்திருக்கிறார்கள். மாற்றிவிட்டு மேலே போயிருக்கிறார்கள். ஏன் நழுவியது என்ற கேள்வி முடிவுவரை போகவில்லை.

கொச்சியின் பாலாரிவட்டம் மேம்பாலம் 2016 அக்டோபரில் திறந்து, விரிசல்களால் 2019 மே மாதம் மூடப்பட்டது. மேல்தளத்தை இடித்து, ஸ்ரீதரன் வழிகாட்டலில் திரும்பக் கட்டி, 2021 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். புதிய பாலத்தை இரண்டரை ஆண்டில் மூடும் நிலை ஒரே இரவில் வந்திருக்காது.

குறையைப் பார்த்தவர் வாய் திறக்கும்படி அலுவலகம் இருக்கிறதா என்பதே இங்கே கேள்வி. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் பீகாரில் பணியாற்றிய பொறியாளர் சத்யேந்திர துபே, வேலையில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை ரகசியமாக வைக்கக் கேட்டிருந்தார். கடிதம் பெயரோடு துறை துறையாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அன்று கயாவில் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். அதன் பிறகு, புகார்தாரரின் பெயரை மறைத்து விசாரிக்கும் அதிகாரத்தை 2004இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்துக்கு அரசு கொடுத்தது. புகார் தருபவர்களைக் காக்கும் சட்டம் 2014இல் நிறைவேறியது. பல ஆண்டுகள் கழிந்தும் அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை வரவில்லை.

சட்டம் நடைமுறைக்கு வரும்வரை திட்ட அலுவலகமே இதற்கு வழி செய்துகொள்ளலாம். தரம் பற்றிய புகார்களுக்கு ஒப்பந்ததாரரோடும் பில் பிரிவோடும் தொடர்பில்லாத ஓர் அதிகாரியை நியமிப்பது. பெயரையும் கையெழுத்தையும் நீக்கி, தட்டச்சு செய்த நகலை மட்டுமே விசாரணைக்கு அனுப்புவது. சைட்டில் இருக்கும் கடைசி உதவிப் பொறியாளருக்கும் ஒரு பகுதியின் வேலையை நிறுத்திவைக்கும் அதிகாரத்தை எழுத்தில் கொடுப்பது. புதிதாகப் பொறுப்பேற்பவர் முதல் வாரத்தில் முன்னேற்ற அறிக்கையைப் படிப்பதற்கு முன், கடந்த ஆறு மாதங்களின் தரச்சோதனைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லட்டும். அதில் ஒரு தோல்விகூடப் பதிவாகவில்லை என்றால் அன்றைக்கே சைட்டுக்குப் போய், கான்கிரீட் மாதிரிகளைத் தன் கண் முன்னால் எடுக்கச் சொல்லி, வேறு ஊர் ஆய்வகத்துக்கு அனுப்பட்டும்.